இரண்டு காலுக்கும் ஒரே கட்டு

ஆட்டக்காரன் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்ததும், கால் பிடிக்கிற வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் முதலில் அவன் முகத்தைப் பார்க்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். முகமும் அதையே சொல்லும். கையைக் காலில் வைத்துவிட்டு அவனை வேறு எதையாவது பேசவிடுங்கள். எங்கே கை போகும்போது பேச்சு நிற்கிறதோ அங்கேதான் வலி.

இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. நான் நாலாம் வகுப்பை முடிக்காதவன். வாத்தியாருக்குப் பயந்து ரயிலேறினேன். ஹோட்டலில் மாவாட்டினேன், கப்பலில் கரி அள்ளினேன், ஒரு சர்க்கஸோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனேன். அங்கே குதிரைக்கும் பார் ஆடுகிறவர்களுக்கும் ஒரே தைலம். நான்தான் தேய்ப்பேன். யுத்தத்தில் யானைக்குத் தீனி கிடைக்காமல் சர்க்கஸ் கலைந்தது. அப்போது நாங்கள் சென்னையில் இருந்ததால் நானும் சென்னையிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச காலம் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் படுக்கை, கிடைத்த இடத்தில் சாப்பாடு. பிறகு ஒரு கம்பெனியின் கால்பந்து டீமில் கால் பிடித்துவிடவும் கட்டுப் போடவும் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பெயரைச் சொன்னேன், யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை எனக்கு அங்கே பெயர் 'சர்க்கஸ்'தான்.

அந்தக் காலத்தில் நம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடுவார்கள். பாதத்திலும் கணுக்காலிலும் துணிக்கட்டு மட்டும் இருக்கும். எதிரில் பூட்ஸ் போட்ட டீமும் வரும். பூட்ஸ்காரன் வெறுங்காலின் மேல் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சேர்ந்த புதிதில் எங்கள் கோல்கீப்பருக்கு வலது தோள் பிசகியிருந்தது. அந்தத் தோளில் மட்டும் தடிமனாகக் கட்டினேன். எதிர் டீம் அதைப் பார்த்தது. அன்றைக்கு வந்த பந்தெல்லாம் வலது பக்கம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கால் கெட்டிருந்தாலும் இரண்டு காலுக்கும் ஒரே துணி, ஒரே அளவு, ஒரே முடிச்சு. பார்க்கிறவனுக்கு எது நல்ல கால், எது கெட்ட கால் என்று தெரியக்கூடாது.

இந்த வழக்கம்தான் ஒருவனைத் திருடனாக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சவரிமுத்துவை இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போது ட்ராமில் அவன் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு முந்தின நாள் கோலைப் பற்றிப் பேசுவார். சாந்தோம் பையன். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, அம்மா மட்டும். கம்பெனியில் அவனுக்கு குமாஸ்தா வேலை என்று பெயர். "பந்து இல்லன்னா நானும் அந்த ஆபீஸ் மேஜையும் ஒண்ணுதாண்ணே" என்று அவனே சொல்லுவான். அது விளையாட்டுப் பேச்சு அல்ல. அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஹாஃப்பேக் ஒருவனுக்கு முழங்கால் போனது. கம்பெனி டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தார். ஓய்வு முடிவதற்குள் அவன் மேஜையில் வேறொரு ஹாஃப்பேக் உட்கார்ந்திருந்தான்.

யுத்தம் முடிந்த சமயம். செமிஃபைனலுக்கு முந்தின வாரம், காலையில் கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு கட்டுமரத்தில் இடித்துக்கொண்டான். வலது கால் கட்டைவிரல். நகம் பாதி பெயர்ந்து, இரண்டு நாளில் உள்ளே சீழ் கட்டிவிட்டது. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நான் கீறிவிட்டேன்.

"டாக்டராண்ட போலாம் சவரி" என்றேன்.

"போனா ஓய்வுன்னு எழுதுவாரு. போன வருஷம் எழுதினாரே, அது மாதிரி. நீ பாத்துக்கண்ணே. செமிஃபைனலும் ஃபைனலும் முடியட்டும்."

"யாராவது ஏறி மிதிச்சா விரலே போயிடும்டா."

"எந்த விரலுன்னு தெரிஞ்சாத்தானே ஏறுவான்."

சீழுக்கு அப்போது சல்ஃபா பொடிதான் மருந்து. கடையில் கிடைக்காது. கோயில் பழக்கத்தில் அவனுக்குத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் தியாகராய நகரில் இருந்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை பனகல் பார்க் பக்கம் சைக்கிளில் வந்து, ஒரு பொட்டலத்தை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

செமிஃபைனல் ஒரு மில் டீமோடு. அவர்கள் பூட்ஸ்காரர்கள். கேப்டன் கோவிந்து, ஃபுல்பேக். மரம் மாதிரி ஆள். சவரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், பாஸ் கொடுத்தான், ஏமாற்றினான், ஆனால் ஓங்கி அடிக்கவில்லை. கடைசியில் ஒரு பந்து வந்தது. மில் கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்கிறான், கோல் திறந்து கிடக்கிறது, பந்து சவரி காலடியில். அவன் அடிக்காமல் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட்டான். அவன் அதை வெளியே அடித்தான். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. சனிக்கிழமை மறு ஆட்டம் என்றார்கள்.

கயிற்றுக்கு வெளியே இருந்த ஜனம் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தினால் கோபம். சும்மா இருந்தால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பார்த்தது இரண்டு நல்ல கால்களை. நான்தான் அப்படிக் காட்டியிருந்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பத்திரிகை வந்தது. வாரம் ஒருமுறை வரும். சினிமாக்காரிகள், வக்கீல்கள், மடாதிபதிகள் என்று யாரையாவது பிடித்து இழுக்கும். கடையில் தொங்கவிட மாட்டார்கள், கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். லஸ் முனையில் ஒரு வெற்றிலை பாக்குக் கடையில் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். நட்சத்திர ஆட்டக்காரர், சாந்தோம்வாசி, பனகல் பார்க், பொட்டலம், மறுநாள் திறந்த கோலில் அடிக்காத பந்து. எல்லாம் வரிசையாக இருந்தன. பெயர் மட்டும் இல்லை. பெயர் எதற்கு?

பார்த்தது நிஜம். அதைச் சேர்த்த விதம்தான் பொய். இந்த மாதிரிப் பொய்க்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். முழுப் பொய்யை மறுத்துவிடலாம். இதை மறுக்கப் போனால் பொட்டலத்தில் இருந்தது மருந்து என்று சொல்ல வேண்டும். மருந்து என்றால் புண். புண் என்றால் எங்கே என்ற கேள்வி.

அன்று காலையே எங்கள் டீம் செகரட்டரி கூப்பிட்டனுப்பினார். மாட வீதியில் அவர் வீடு. ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார், காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"படிச்சியோ?"

"படிச்சேன் சார்."

"ஆத்துல எல்லாரும் படிச்சுண்டிருக்கா. எங்க மாமியாருக்குப் பந்து சதுரமா வட்டமான்னு தெரியாது. அவ சொல்றா, 'அந்தப் பிள்ளை பணம் வாங்கிண்டானாமே'ன்னு. கம்பெனி துரை காலம்பறவே கூப்பிட்டு விட்டுட்டார். நான் என்னன்னு சொல்றது?"

ஆறின காபியை ஒதுக்கி வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் கால்ல ஏதாவது கோளாறு உண்டா? உண்டுன்னா துரைகிட்ட சொல்லிடறேன், விஷயம் தீர்ந்துடும். இல்லேன்னா சனிக்கிழமை அவன் வெளியில உக்காரட்டும். திங்கக்கிழமை கம்பெனி அவனைப் பாத்துக்கும்."

"அவனைக் கேட்டுத்தான் சொல்லணும் சார்."

"உன் கையில இருக்கற கால், அவனைக் கேப்பானேன்?"

செகரட்டரி கெட்டவர் அல்ல. ஆனால் சாயங்காலமானால் கிளப்பில் சீட்டாடுவார். எதிரில் உட்கார்ந்து ஆடுகிறவர் மில் டீமின் செகரட்டரி. இவருக்குப் பகலில் தெரிந்தது அவருக்கு விளக்கு வைக்கும்போது தெரிந்துவிடும். அதை எப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்வது? சனிக்கிழமை மத்தியானம்வரை தவணை கேட்டேன். கொடுத்தார்.

சாந்தோமுக்கு நடந்தேன். சவரியின் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "காலைப் பூசையில பக்கத்துல இருந்தவ எழுந்து அந்தாண்ட போய் முட்டி போட்டாப்பா" என்றாள். அழவில்லை. முறத்தை நிறுத்தவும் இல்லை.

உள்ளே சவரி காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செகரட்டரி சொன்னதைச் சொன்னேன்.

"சொல்லாதே" என்றான்.

"சொல்லலன்னா உன்னை எறக்க மாட்டாங்க. பேரும் போயிடும், வேலையும் போயிடும்."

"சொன்னா கோவிந்து மொதல் நிமிஷமே ஏறிடுவான். பேரு போனா ஆடித் திருப்பிக்கலாம். காலு போனா எதாலண்ணே ஆடறது?"

"எறக்கவே மாட்டேன்றாங்கடா."

 காலை வெளியே எடுத்து என் மடியில் வைத்தான். கட்டினேன். வலதைக் கட்டிவிட்டு இடதையும் கட்டினேன், வீட்டுக்குள்ளேயே. பழக்கம்.

எனக்கு ஒரு ஊரில் நிலைத்து நிற்கிற புத்தி இல்லை. சங்கடம் வந்தால் மூட்டையைக் கட்டுவதுதான் அதுவரை நான் கண்ட வழி. அன்றைக்கும் சென்ட்ரல் பக்கம் போய்விடலாமா என்று கால் இழுத்தது. ஆனால் அந்த விரலைக் கீறியது என் கை. பாதிப் புண்ணை விட்டுவிட்டு ஓடுகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். தியாகராய நகருக்கு பஸ் ஏறினேன்.

பத்திரிகை ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. ஆசிரியர் என்று இருந்தவர் மெலிந்த ஆள், மரியாதையாகப் பேசினார். எனக்குக் கூட ஒரு காபி வரவழைத்தார்.

"பொட்டலம் வாங்கினது பொய்யாப்பா?"

"பொய்யில்லைங்க."

"திறந்த கோல்ல அடிக்காதது?"

"அதுவும் பொய்யில்லை. ஆனா அதுல இருந்தது பணம் இல்லைங்க."

"நான் பணம்னு எழுதியிருக்கேனா? நல்லாப் படி. 'அதில் இருந்தது என்ன?'ன்னுதான் கேட்டிருக்கேன். கேள்வி கேக்கக் கூடாதா?" சிரித்தார். "நீ பதில் சொல்லு, அடுத்த வாரம் முதல் பக்கத்துல போடறேன். என்ன இருந்துது?"

அடுத்த வாரம் என்றால் சனிக்கிழமை தாண்டிவிடும். அதைவிட, அந்த மனிதர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நொடி எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மருந்துங்க என்று சொல்லிவிட்டால் இவர் முகம் சுருங்கும் என்று தோன்றியது. சுருங்காது. அவருக்கு இன்னொரு தலைப்பு கிடைக்கும். நாம் ஒருவனுக்காகக் கோபப்பட்டுப் பேசும்போது அவனுடைய பொருளைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். காபியைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

கீழே சைக்கிள் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சவரி பணம் வாங்கினான் என்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும். மில் டீம்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இது பொய் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அவர்கள்தான். எங்களிடம் சாட்சி தேடிக்கொண்டிருந்தேன், சாட்சி எதிர் டீமில் இருந்தது.

மில் டீமுக்குக் கால் பிடிக்கிறவர் முனுசாமி வஸ்தாது. ஒரு காலத்தில் குஸ்தி பிடித்தவர். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி ஆற்றோரம் குடிசை. நான் போனபோது துவைத்த கட்டுத்துணிகளை வேலிமேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சர்க்கஸ், இம்மாந்தூரம்?"

"பேப்பர் பாத்தீங்களா வஸ்தாதே?"

"நான் எங்க படிச்சேன். பசங்க படிச்சிக்காட்டிட்டு சிரிச்சிக்கினு கீறானுங்கோ. எங்களாண்ட நல்ல பந்து வாங்கவே துட்டு இல்ல நைனா. இதுல மேட்ச வேற வாங்கிட்டமாம்."

"அதைத்தான் நாலு பேர் முன்னாடி சொல்லணும். கோவிந்து சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சவரியண்ட வந்து கை குடுக்கணும். அது போதும்."

அப்போதெல்லாம் கேப்டனும் கேப்டனும் மட்டும்தான் கை கொடுத்துக்கொள்வார்கள். எங்கள் கேப்டன் வேறொருவன். கோவிந்து கோட்டைத் தாண்டி வந்து சவரிக்குக் கை கொடுத்தால் மைதானமே பார்க்கும்.

வஸ்தாது ஒரு துணியை உதறி மடித்தார்.

"நான் சொன்னா குடுப்பான். பேரைக் கெடுத்தது எங்களையும் சேத்துத்தானே. ஆனா அவன் ஒண்ணு கேப்பான். அதை நானே கேட்டுடறேன். தொறந்த கோலு. உங்காளு ஏன் அடிக்கல?"

இங்கேதான் நீங்கள் நிதானித்துக் கேட்க வேண்டும். எனக்கு மூன்று வழி இருந்தது. வழுக்கிவிட்டது என்று பொய் சொல்லலாம். அவர் நம்ப மாட்டார், கை கொடுக்கிற காரியமும் கெட்டுப்போகும். உண்மையைச் சொல்லலாம். அவர் எதிர் டீமின் ஆள். கோவிந்துவின் காலைத் தினமும் பிடிக்கிறவர். எனக்கு சவரி எப்படியோ அவருக்குக் கோவிந்து அப்படி. மூன்றாவது, வந்த வழியே திரும்பிப் போகலாம்.

நான் வேலியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்கவில்லை. அவரும் மடித்தார். ஆற்றில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலியில் துணி தீர்ந்துபோயிற்று.

"சரி, போ" என்றார்.

குடுப்பானா என்று கேட்காமலே நடந்தேன். பத்தடி போயிருப்பேன்.

"சர்க்கஸ்."

திரும்பினேன்.

"கட்டு நல்லாத்தான் கட்டுற. ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி. ஆனா ஹாஃப் டைம்ல நீ குந்தினதும் உன் கை மொதல்ல எந்தக் காலுக்குப் போச்சின்னு நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிட்டார்.

பாலத்தில் நான் பாதியில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வலது கையைப் பார்த்தேன். துணியை ஒரே மாதிரி கட்டக் கற்றிருந்தேன். கையைக் கற்பிக்கவில்லை. வலிக்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும், அது அப்படிப் பழகின கை. ஊரே பார்த்த இரண்டு கால்களில் எது கெட்ட கால் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒருவருக்குத் தெரியும். அவர் வேலை செய்வது கோவிந்துவுக்கு. அவரிடம் உதவி கேட்டு நானே நடந்து போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சவரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, கால் அவனுடையது.

கட்டை அவிழ்த்து விரலைப் பார்த்தான். பிறகு, "வஸ்தாது சொல்லுவாரா?" என்றான்.

"அவர் எடத்துல நான் இருந்தா சொல்லுவேனான்னு யோசிச்சுப் பாத்தேன்."

"சொல்லுவியா?"

"தெரியலை."

"நீ தெரியலைன்னா அவரும் தெரியலைன்னுதான் இருப்பாரு" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் எறங்கறேண்ணே."

சனிக்கிழமை மத்தியானம் கூடாரத்தில் செகரட்டரி என்னைத் தனியாக அழைத்தார். துரை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாயிற்று.

"என்ன சொல்றே?"

"கால் விஷயம் நான் சொல்றதுக்கில்ல சார். ஆனா மில் டீம் கேப்டன் எல்லார் முன்னாடியும் சவரிக்குக் கை குடுப்பான். துரையும் பாக்கட்டும். பணம் குடுத்தவனே வந்து கை குடுக்க மாட்டானே."

"குடுக்கலேன்னா?"

"சவரியைக் கூப்பிட்டு உக்கார வச்சிடுங்க. திங்கக்கிழமை அவனோட என்னையும் அனுப்பிடுங்க."

என் கையில் இருந்தது வஸ்தாதின் 'சரி, போ' மட்டும்தான். அது செகரட்டரிக்குத் தெரியாது. அவர் நாற்காலியில் இருந்த துரையைப் பார்த்துவிட்டு, "இறக்கு" என்றார்.

டீம்கள் வந்து நின்றன. கயிற்றோரத்தில் யாரோ "பொட்டலம்" என்று குரல் கொடுத்தான். இன்னும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சவரி கழுத்தைத் திருப்பவில்லை. கேப்டன்கள் நடுவில் போய்க் கை கொடுத்தார்கள், நாணயம் சுண்டினார்கள். கோவிந்து திரும்பித் தன் டீம் பக்கம் நடந்தான்.  கோவிந்து குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். எழுந்தான். வஸ்தாது வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்து திரும்பி, கோட்டைத் தாண்டி, நேராகச் சவரியிடம் வந்தான். கையை நீட்டினான்.

"இன்னா சவரி, எங்க துட்ட எப்போ திருப்பித் தரப் போற?" மைதானத்து மூலைவரை கேட்கிற குரல்.

சவரி கையைப் பிடித்துக்கொண்டான். "மொதல்ல குடு நைனா, அப்புறம் திருப்பித் தரேன்."

கயிற்றோரம் சிரித்தது. முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு அப்படியே பின்னுக்குப் போயிற்று. மரத்தில் ஏறியிருந்தவர்கள் கடைசியாகச் சிரித்தார்கள். பொட்டலம் என்று கத்தினவனும் சிரித்துக்கொண்டிருந்தான். செகரட்டரி துரைக்கு இங்கிலீஷில் சொன்னார், துரையின் மீசை அசைந்தது. இரண்டு நாளாக ஊர் பேசிய பேச்சு அங்கேயே முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. கை கொடுத்தவன் காலையும் தேடுவான். ஆட்டத்தில் அது தப்பில்லை.

விசில் ஊதி, பந்து சவரியிடம் வந்ததும் கோவிந்து வந்தான். சவரி பந்தை நகர்த்தினான், கோவிந்து நிறுத்தவில்லை, பூட்ஸோடு அவன் பாதத்தின்மேல் இறங்கினான். அவன் முழுக் கனமும் இறங்கியது. சவரி மடங்கி விழுந்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வலது கால்தான், வஸ்தாது சொல்லிவிட்டார் என்று ஓடும்போதே நினைத்தேன். போய்ப் பார்த்தால் சவரி பிடித்துக்கொண்டிருந்தது இடது காலை.

நான் குந்தினேன். கை வலதுக்குப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். நல்ல கால்தான், அதனால் தாங்கியது. எலும்பு சரியாக இருந்தது, வீக்கம் வரும், அவ்வளவுதான். சவரி என்னைப் பார்த்தான்.  எழுந்து நின்றான்.

அதற்குப் பிறகும் கோவிந்து இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் இடது கால்தான். அதில் ஒரு திட்டம் இருந்தது, தற்செயலாக அப்படி நடக்காது. கெட்ட கால் இடது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் இடதையே காவல் காத்ததால் வலது பக்கம் சவரிக்குத் திறந்து கிடந்தது. இரண்டாம் பாதியில் பந்து அந்தப் பக்கம் வந்தது. இடது காலை அதற்குள் ஊன்றத்தான் முடியும், அடிக்க முடியாது. சவரி வலதால் அடித்தான். செமிஃபைனலில் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தான் என்று ஜனம் பேசிக்கொண்டது. அடித்த சத்தத்தைவிட அவன் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. பந்து உள்ளே போயிற்று. அவன் கட்டில் சிவப்பு வந்தது. கயிற்றோரம் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். செகரட்டரியும் பார்த்தார், துரையும் பார்த்தார். திறந்த கோலில் அவன் ஏன் அடிக்கவில்லை என்று அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

நகம் முழுதும் போயிற்று. ஃபைனலில் அவன் ஆடவில்லை, தோற்றோம். கம்பெனி டாக்டர் ஓய்வு எழுதினார், இந்த முறை அந்த மேஜையில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. அந்தப் பத்திரிகை அடுத்த வாரம் மன்னிப்பு எழுதும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு வயது போதாது. 'நம் கேள்வி சூடு போட்டது, வீரர் விழித்துக்கொண்டார்' என்று எழுதியது.

உங்களிடம் ஆட்டக்காரன் கொடுப்பது காலை மட்டும் அல்ல. அந்தக் கால் உங்கள் கையில் இருக்கிறது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. அதைப் பற்றிப் பேச அவனைத்தான் கேட்க வேண்டும், செகரட்டரி கேட்டாலும், ஊர் கேட்டாலும். எதிர் டீமின் காலைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு நான் விதி எழுதித் தர மாட்டேன். அன்றைக்கு ஒருவர் தன் சொந்த டீமை ஃபைனலிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார். அது சரியா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஆட்டம் முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தபோது சவரியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பலகையில் உட்கார வைத்தேன். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். வெளியே மில் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கோவிந்து போனான். அவனுக்குப் பின்னால் வஸ்தாது, தோளில் துணி மூட்டை, கையில் காலி வாளி. கூடாரத்து வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்து, சவரியின் காலையும் என் கையையும் பார்த்தார்.

"சர்க்கஸ்" என்றார் மெதுவாக. "இன்னிக்காவது எடதுல இருந்து ஆரம்பி."